பழகிய கருவியும் புதிய கருவியும்

கைக்குப் பழகிய கருவியை விடுத்துப் புதியதொன்றைக் கைக்கொள்ளலாமா என்னும் வினா தச்சர்க்கும் உழவர்க்கும் எக்காலத்தும் உரியது. இக்காலத்தே அவ்வினா கணினியில் எழுதுவோர்க்கும் நிரல் இயற்றுவோர்க்கும் நாடோறும் எதிர்ப்படுகின்றது. புதியது என்பது ஒன்றே கருதி அதன்பின் ஓடுவார் ஒருசாரார். பழகியது என்பது ஒன்றே கருதி அதனை விடாது பற்றுவார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஆராய வேண்டியதை ஆராய்ந்திலர் என்பது என் கருத்து. தமிழ் பயிலும் நமக்கு மிக அணித்தாயுள்ள தட்டெழுத்துக் கருவியைக் கொண்டே இதனை ஆராயப் புகுவாம்.

கணினியில் தமிழ் எழுதுங்கால் இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. விரல் விசையை அழுத்துதல் ஒன்று. அழுத்திய எழுத்து எண்ணாகிச் சேமிக்கப்படுதல் மற்றொன்று. முன்னையது விசைப்பலகையைப் பற்றியது. பின்னையது குறியேற்றத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவதாலேயே இவ்வழக்கு முடிவுறாது நீள்கின்றது.

விசைப்பலகையை முதற்கண் நோக்குவாம். தட்டச்சுப் பயிலகங்களிற் பயின்று தேர்வுகளில் தேறியவர் பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பிலேயே இன்றும் விரைந்து எழுதுவர். மாணவருட் பலர் கைப்பேசியில் ஆங்கில எழுத்தொலி வழியே தமிழைத் தட்டுவர். 1999 ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு ‘தமிழ்99’ என்னும் அமைப்பை ஏற்றுக்கொண்டது. அதன்கண் உயிரெழுத்துக்கள் இடக்கையின்பாலும், மெய்யெழுத்துக்கள் பெரும்பாலும் வலக்கையின்பாலும் அமைந்துள்ளன. ககரத்தை இருமுறை அழுத்தின் முதற்ககரம் தானே புள்ளி பெறும். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய்யாகும் இலக்கண முறைக்கு விரல்களும் இசைந்து நடத்தல் மகிழத்தக்கதே. எனினும், பல்லாண்டு பழகிய விரல்களை இதன்பொருட்டு வருத்த வேண்டுவதில்லை. பழைய அமைப்பில் தட்டினும் யூனிக்கோடாகவே சேமிக்கும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆதலின் விசைப்பலகை அவரவர் விருப்பிற்கு உரியது. புதிதாகத் தொடங்குவோர் தமிழ்99 அமைப்பைப் பயிலுதல் நன்று. அதற்குமேல் வற்புறுத்தல் வேண்டா.

குறியேற்றமோ அத்தன்மையதன்று. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் எழுதிய கோப்பினுள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துக்கள் முதலியவற்றிற்குரிய எண்களே. அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டுள்ளது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறப்பின், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். தமிழ்ச் சொல்லொன்றை அதனுள் தேடினும் அகப்படாது. யூனிக்கோடோ 1991 ஆம் ஆண்டில் வெளியான தன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதியொன்றை வகுத்துவிட்டது. 1998 ஆம் ஆண்டிற் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தம் நூல்களை முதலில் வேறு குறியேற்றத்தில் வெளியிட்டுப் பின்னர் யூனிக்கோட்டிற்கு மாற்றினர். அத்தகையோர் உழைப்பாலன்றோ சங்க நூற்சொல்லொன்றை இன்று கைப்பேசியிலேயே தேடிக் காண்கின்றோம்!

தமிழுக்கு இத்தகைய மாற்றம் புதியதன்று. 1578 ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிற்று. 1715 ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. 1887 ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிச் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டில் எழுதிய கை இழிந்ததன்று, எழுத்தாணியும் குற்றமுடையதன்று. ஆயினும் படியெடுக்கப்படாத ஏடு செல்லுக்கு இரையாயிற்று. பழைய எழுத்துருவிற் கிடக்கும் கோப்பும் அவ்வாறே. அதனை அரிக்கும் செல் நம் மறதியே.

யூனிக்கோடு நம் இலக்கணத்திற்கு இயையாதது என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. அதன்கண் அகரமேறிய மெய்யே அடிப்படை. புள்ளி பின்னர்ச் சேரும் குறி. ‘தமிழ்’ என்னும் சொல் நம் கணக்கில் 3 எழுத்து. யூனிக்கோட்டில் 5 குறி. யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டு. இக்குறை நீங்க ஒவ்வோர் எழுத்திற்கும் தனியிடம் தரும் ‘டேஸ்16’ என்னும் முறை வகுக்கப்பட்டு, 2010 ஆம் ஆண்டில் யூனிக்கோட்டுடன் அதுவும் அரசின் ஏற்புப் பெற்றது. எனினும் உலகெங்கும் கணினியும் கைப்பேசியும் இயல்பாகப் படிப்பது யூனிக்கோட்டையே. எழுத்தெண்ணிக்கைக் குறையைச் சிறியதொரு நிரல் தீர்த்துவிடும். பிறர் படிக்கவியலாக் கோப்பின் குறையை எவ்விலக்கணம் தீர்க்கும்?

நிரலாளர் உலகிலும் இதற்கு ஒப்பு உண்டு. பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. அது முன்னைய பதிப்போடு முற்றும் ஒத்ததன்று; எழுதிய நிரல்களைத் திருத்த வேண்டியிருந்தமையாற் பலர் தயங்கினர். மாற்றத்தின் காரணங்களுள் ஒன்று, எழுத்தையும் பைட்டையும் வேறு பிரித்தல். யூடிஎஃப்-8 கோப்பில் எழுதிய ‘தமிழ்’ என்பதன் நீளத்தைப் பழைய பதிப்பு இயல்பாக 15 என்னும். புதியது 5 என்னும். பழையதன் பேணுகை 2015 ஆம் ஆண்டில் முடிவதாயிருந்து, தயங்குவோர்பொருட்டு 2020 ஜனவரி 1 வரை நீட்டப்பட்டது. மாறாதோர் நிரல்கள் அன்றே நின்றுவிடவில்லை, பழுதுபார்ப்பாரற்ற வீடுகளாயின.

ஆகவே, கருவியை மாற்றுமுன் வினவத்தக்கது, ‘இது புதிதா, பழையதா?’ என்பதன்று, ‘இதனால் யான் செய்தது என் கையைக் கடந்து பிறர் கையிற் சேருமா?’ என்பதே. தன் வசதியளவில் நிற்பதாயின் பழகியதே போதும். பிறர் பயனைத் தடுப்பதாயின் அன்றே மாற்றுக.

நண்பர்காள்! பழைய எழுத்துருவில் உள்ள ஆய்வேடுகளையும் கவிதைகளையும் இவ்விடுமுறையிலேயே யூனிக்கோட்டிற்கு மாற்றுமின். மாற்றித் தரும் நிரல்கள் உள. மாற்றியபின் மூலத்தோடு ஒப்புநோக்குதல் மறவாதீர். இக்கல்லூரியிற் பயின்று சென்ற பெரியோரும் தம் பழைய வட்டுகளைத் தேடி எடுப்பாராக. எவ்வெழுத்துருவில் எழுதினோம் என்பதை அறிந்தவர் இருக்கும்போதே இப்பணி எளிது.