எண்ணெயைக் கட்டும் நீர்

2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் நாள், அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக் கரைக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' என்னும் கப்பல் தீப்பற்றியது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 270,000 தொன் குவைத்து மசகெண்ணெய் இருந்தது. இயந்திர அறையில் மூண்ட தீக்கு மாலுமி ஒருவர் பலியானார். நற்காலமாகச் சரக்கெண்ணெய் கடலிற் சிந்தவில்லை. சிந்தியிருப்பின் நம் கீழ்க்கரை என்னவாகியிருக்கும் என்பதை அறிய, அதே குவைத்து எண்ணெய் வேறொரு கடலிற் சிந்திய கதையை நாம் பார்த்தல் வேண்டும்.

1967 மார்ச் 18 அன்று 'டொரி கன்யன்' என்னும் கப்பல், ஏறத்தாழ 119,000 தொன் எண்ணெயுடன், இங்கிலாந்தின் கோர்ண்வால் கரைக்கு மேற்கேயுள்ள பாறைத் தொடரில் மோதிற்று. கப்பலை விட்டு நீங்கியபொழுது கரிய நிறத்ததாய் ஓடிய எண்ணெய், கரையை அடைந்தபொழுது மண்வெட்டியால் அள்ளத்தக்க கபில நிறக் களியாயிருந்தது. 'சொக்லேற் மூஸ்' என்னும் இனிப்பின் பெயரை அதற்கு இட்டனர். பெயர் இனிது, அதில் அகப்பட்ட கடற்பறவைகளுக்கோ அதுவே எமன்.

இம்மாற்றத்தைச் செய்தது நீரே. எண்ணெயும் நீரும் சேரா என்பது சிறுவரும் அறிந்தது. நல்லெண்ணெயையும் நீரையும் போத்தலில் இட்டுக் குலுக்கினால் சற்று நேரத்தில் இரண்டும் பிரிந்துவிடும். மசகெண்ணெய் அவ்வாறன்று. அதனுள் 'அஸ்பால்தீன்' எனப்படும் கனத்த மூலக்கூறுகள் உள. பிரெஞ்சு அறிஞர் பூசங்கோ 1837 இல் இட்ட பெயர் அது. காபன் வளையங்களாலான தட்டையான தகடுகள், ஓரங்களிலே வால் போன்ற சங்கிலிகள், இடையிடையே கந்தகமும் நைதரசனும் ஒட்சிசனும். தட்டையாயிருத்தலின், தோசைகளை அடுக்கினாற்போல அவை ஒன்றன்மேலொன்று படிந்து சிறு கூட்டங்களாகும்.

அங்கு நீர் புகுந்தால் என்ன நிகழும்? எண்ணெயிற் கரையும் மிகச் சிறிதளவு நீருங்கூட, ஐதரசன் பிணைப்பு என்னும் மெல்லிய பிடியால் இரு மூலக்கூறுகளுக்கிடையே பாலமாய் நின்று அக்கூட்டத்தைப் பெருக்கும். நீர் துளியாய்ப் புகுந்தாலோ, அம்மூலக்கூறுகள் துளியின் மேற்பரப்பை நாடிச் சென்று கூடி, காய்ச்சிய பாலின் ஆடை போன்ற தோலாக இறுகும். அலைகள் நொறுக்கிய ஒவ்வொரு துளியும் இத்தோலைப் போர்த்துக்கொள்வதால், துளியோடு துளி முட்டினாலும் கலப்பதில்லை. வெண்ணெயினுள்ளும் நீர்த்துளிகள் இவ்வாறே சிறைப்பட்டுக் கிடக்கின்றன. ஆனால் அங்கு நீர் சிறுபங்கே. கடற்களியிலோ முக்காற் பங்கு நீராயிருத்தல் உண்டு. ஒரு தொன் சிந்தினால் நான்கு தொன் அள்ளவேண்டும்!

மார்ச் 28 முதல் 30 வரை பிரித்தானிய விமானங்கள் குண்டு வீசிக் கப்பலை எரித்தன. ஆனால் நீருண்ட களி எளிதிற் பற்றுவதில்லை. கோர்ண்வால் கரையில் ஏறத்தாழ 10,000 தொன் அழுக்ககற்றும் மருந்து தெளிக்கப்பட்டது. பாறைகளில் ஒட்டி வாழ்ந்த சிப்பியினங்களை எண்ணெயைக் காட்டிலும் அம்மருந்தே மிகுதியாகக் கொன்றது. நோயினும் வைத்தியம் கொடிதாயிற்று என்றே நாம் சொல்வோம்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இத்தோலோடு நாள்தோறும் போராடுகின்றன. உப்பைக் கழுவுதற்காகச் சேர்க்கும் நீரைப் பின்னர் பிரித்தெடுக்க, எண்ணெயை 100 பாகைக்கு மேல் சூடாக்கி, தோலைக் கிழிக்கும் இரசாயனப் பொருள் இட்டு, மின்புலத்தினூடே செலுத்துவர். துளிகள் ஒன்றுகூடி அடியில் இறங்கும். திறந்த கடலில் அத்தகைய உலையும் மின்னும் ஏது? எனவேதான் எண்ணெய் சிந்தினால், களி இறுகுமுன் முதல் ஓரிரு நாளிலேயே அதனை வளைத்து உறிஞ்ச விரைகின்றனர்.