ஊரார் சொத்தாக ஓர் ஒளியிழை

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

குடிதண்ணீர்க் குழாய் ஊருடையது. தெருவிளக்கு ஊருடையது. சந்தைத் திடலும் பேருந்து நிலையமும் ஊருடையவை. இணையத்தைக் கொண்டுவரும் கம்பி மட்டும் வணிகருடையதாகவே இருக்க வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? அமெரிக்காவில், டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகர மக்கள் இக்கேள்விக்குச் செயலால் விடை கூறியிருக்கின்றனர். தனியுடைமையின் தாயகம் என்று நாம் பேச்சுப் போட்டிகளில் முழங்குகிறோமே, அதே அமெரிக்காவில்தான்!

அந்நகருக்கு 1935-ஆம் ஆண்டிலேயே சொந்தமாக ஒரு மின்வாரியம் ஏற்பட்டது. ஈ.பி.பி. என்பர். மின்தடையை உடனுக்குடன் அறிந்து சரிசெய்ய, வழித்தடங்கள் நெடுகிலும் ஒளியிழை இழுக்க வாரியம் திட்டமிட்டது. அதே இழையில் வீட்டுக்கு இணையத்தையும் கொடுத்தால் என்ன என்ற எண்ணமும் உடன் எழுந்தது. கேபிள் நிறுவனங்கள் வழக்குமன்றம் ஏறின, வழக்குகள் நிற்கவில்லை. கடன் பத்திரங்களால் சுமார் 22 கோடி டாலர் திரண்டது. நடுவண் அரசு 11 கோடியே 15 இலட்சம் டாலர் மானியம் தந்தது. 2010-இல், தன் மின் எல்லைக்குள் இருந்த எல்லா வீட்டுக்கும் கடைக்கும் நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தைத் தர வாரியம் முன்வந்தது. அந்நாட்டில் அதுவே முதல் முறை.

முழு அக எதிரொளிப்பு என்று தேர்வுக்காக நாம் உருப்போடுகிறோமே, அது அங்கே கம்பத்தில் ஏறி வேலை செய்கிறது! மயிரிழை போன்ற கண்ணாடிக்குள் புகுந்த ஒளி பக்கவாட்டில் கசியாமல் ஓடுகிறது. செம்புக் கம்பியில் தூரம் கூடக் கூடக் குறிகை நலியும். இங்கே அந்த இழப்பு மிகக் குறைவு. பெறும் வேகமே அனுப்பும் வேகமும் ஆகும். சுமார் 1,200 தானியங்கி மின்விசைகளும் இதே இழையால் பேசிக்கொள்கின்றன. புயலில் மரம் விழுந்தால், பழுதான துண்டை மட்டும் அவை ஒதுக்கிவிட்டு, மற்றத் தெருக்களுக்கு வேறு வழியாக மின்சாரத்தைத் திருப்பிவிடுகின்றன. ஆகவே இணையம் வாங்காத வீட்டுக்காரருக்கும் இதனால் பயன் உண்டு.

முதல் பத்தாண்டில் நகருக்குக் கிட்டிய நன்மை சுமார் 269 கோடி டாலர் என அந்நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மதிப்பிட்டார். கணக்குக்குக் கணக்கு மாறலாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஏழை மாணவர் சுமார் 28,000 பேரின் வீடுகளுக்குக் கட்டணமின்றி இணையம் தரும் திட்டத்தை வாரியமும் பள்ளி நிர்வாகமும் பிறரும் கூடித் தொடங்கினர். பத்தாண்டுக்கேனும் தருவதாக உறுதி கூறினர். அவ்வாண்டு நான் பள்ளி மாணவன். பாடம் கைப்பேசியில் வரும். வீட்டின் ஒரே கைப்பேசியோ அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இலாபம் ஒன்றையே பார்க்கும் நிறுவனம், பணம் கட்ட இயலாத வீட்டைத் தேடிக் கம்பியோடு வருமா? ஊரார் சொத்தாக இருந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்காக வாதாட ஓர் இடமாவது இருக்கிறது.

ஊர் எடுத்து நடத்தினால் எல்லாம் பொன்னாகும் என்று நான் சொல்ல வரவில்லை. யூட்டா மாநிலத்துப் பிரோவோ நகரம் சுமார் 4 கோடி டாலர் கடன் பெற்று இழை பதித்தது. கட்ட இயலாமல் 2013-இல் கூகுள் நிறுவனத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது! கடனோ மக்கள் தலையில் நின்றது. சட்டனூகாவில் மின்வாரியம் என்னும் பழைய அடித்தளம் இருந்தது. வரவு செலவு அறிந்த கை இருந்தது. அது இல்லாத ஊர் அவசரப்படக் கூடாது.

ஆனால் நன்றாக நடத்திக் காட்டிய ஊரையும் வளரவிடாமல் தடுப்பது எந்த நீதி? மின் எல்லையைத் தாண்டி இணையம் தரக்கூடாது என்பது டென்னசி மாநிலச் சட்டம். பக்கத்துக் கிராமத்தார் கேட்டனர், வாரியமும் இசைந்தது. 2015-இல் நடுவண் தொலைத்தொடர்பு ஆணையம் அத்தடையை நீக்கியது. மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலச் சட்டத்தை மீற ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. எல்லைக் கம்பம் வரை வந்த இழை அங்கேயே நின்றுவிட்டது.