கிழிந்தால் கிழியட்டும், பூட்டி வைக்காதீங்க!



நூலகம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பேப்பர் படிக்கும் பெரியவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும்தான். இரண்டு வயசுக் குழந்தைக்கு அங்கே என்ன வேலை என்றுதான் பலரும் கேட்பார்கள். "எழுத்தே தெரியாத குழந்தைக்குப் புத்தகம் எதுக்கு? கிழிச்சுப் போட்டுடும்" என்று வீட்டிலும் சொல்கிறோம், நூலகத்திலும் சொல்கிறார்கள். இந்த நினைப்பு மாறணும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு நூலகத்தில் (பெயர் வேண்டாமே), சின்னக் குழந்தைகளுக்கென்று வாங்கிய அழகான படப் புத்தகங்களைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி கேட்டால், "கிழிஞ்சா யாரும்மா பதில் சொல்றது?" என்றார் அங்கே இருந்தவர். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கில் ஒரு புத்தகம் குறைந்தால் அவர் தலையில்தானே விழும்? ஆனாலும், பீரோவுக்குள் புத்தம் புதுசாக இருந்தே பழசாகிப் போகும் புத்தகத்தால் யாருக்கு என்ன லாபம்?

சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்காகத்தான் என்பதே முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்கணும் என்பது இரண்டாவது. வாசகர் என்றால் இத்தனை வயசு ஆகியிருக்கணும் என்று அவர் சொல்லவில்லையே! அவரைப் போன்றவர்களின் முயற்சியால்தான், சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக நம் மாநிலத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். நாம் வரி கட்டுகிறோம். நம் வீட்டுச் சின்னதுக்கும் அங்கே உரிமை உண்டு.

எங்கள் சேர்வராயன் மலையில் இந்தத் தேவை இன்னும் அதிகம். சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்து, குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் சேலத்துக்கு இறங்கவே இருபது கொண்டை ஊசி வளைவு தாண்ட வேண்டிய எங்கள் குழந்தைகள் சென்னைக்கும் மதுரைக்கும் எப்போது போவது? காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் தாய்மார்கள் விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போய்விடுகிறார்கள். குழந்தை பாட்டியிடமோ பால்வாடியிலோதான் இருக்கும். ஐம்பது பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கணும் என்று 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பாலும் தொட்டிலும் போல, அங்கே நாலு படப் புத்தகமும் வேண்டும் என்பது என் கட்சி.

"பாட்டிக்குப் படிக்கத் தெரியாதே" என்பீர்கள். அதற்குத்தான் எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன. படத்தைப் பார்த்துப் பாட்டி தன் பேச்சில் கதை கட்டுவாள். இன்றைக்கு யானை கல்யாணத்துக்குப் போகும், நாளைக்கு அதே யானை சந்தைக்குப் போகும். மலைக்கிராமத்துப் பேச்சுவழக்கில் சொன்னால்தான் என்ன? குழந்தைக்கு அதுதானே தாய்மொழி!

இனி, எந்தப் புத்தகத்தை எடுப்பது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வயசுக்குள் இருந்தால், முனை மழுங்கிய கெட்டி அட்டைப் புத்தகம். பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய படம் போதும். குழந்தை அதைக் கடிக்கத்தான் செய்யும். அதனால் பிய்ந்து வரும் ஜிகினாவோ மணியோ ஒட்டியது வேண்டவே வேண்டாம். அமுக்கினால் சத்தம் போடும் புத்தகத்தில் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூடி ஸ்குரூ போட்டு இறுக்கமாக இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

ஒன்றிலிருந்து மூன்று வயசுக்கு, பக்கத்துக்கு ஒரு வரி, திரும்பத் திரும்ப வரும் சொல், ஓசை நயம் இருக்கணும். குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பாவின் பாடல்களைப் போல வாயில் தானாக ஓடணும். மூன்று வயசுக்கு மேல் சின்னக் கதை தாங்கும். அதற்காகப் பக்கத்துக்குப் பக்கம் "பொய் சொல்லாதே, அடம் பிடிக்காதே" என்று புத்தி சொல்லும் கதை வேண்டாம். சேட்டை செய்யும் ஒரு குட்டிக் குரங்கு போதும், குழந்தை தன்னையே அதில் பார்த்துவிடும்.

எடுக்கும் முன் நூலகத்திலேயே இரண்டு பக்கம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நம் நாக்கே தடுக்கினால் வைத்துவிடுங்கள். ஆப்பிள், இக்லூ மட்டுமே பார்க்கும் குழந்தைக்கு அதன் கண்ணெதிரே இருக்கும் பலாவும், பேரிக்காயும், மிளகுக் கொடியும், காட்டெருமையும் புத்தகத்தில் வந்தால் எவ்வளவு குதூகலம்! சென்னையில் 1996 முதல் துளிகா பதிப்பகம் தமிழிலும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தும் படப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அச்சிட்டுத் தைத்துக்கொள்ளலாம்.

எப்படிப் படிப்பது? மடியில் உட்கார வைத்து, விரலால் காட்டி, ஐந்து நிமிஷம். அவ்வளவுதான். "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். தலைகீழாகப் பிடிக்கட்டும், பாதியில் ஓடட்டும். ஒரே புத்தகத்தை இருபது தரம் கேட்டாலும் அலுக்காமல் படியுங்கள். நமக்குத்தான் சலிப்பு. குழந்தைக்கு அடுத்து வரப்போவது தெரிந்திருப்பதே பெருமை. சோறு ஊட்ட செல்போனைக் கையில் கொடுக்கும் அம்மாக்களே, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதைக் கேளுங்கள். இரண்டு வயசு ஆகும்வரை திரையே வேண்டாம், அதற்குமேல் ஐந்து வயசுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கதையும் வாசிப்பும் நல்லது என்கிறது.

எங்கள் மலைப் பனிக்குப் புத்தகம் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். வெயில் வந்தால் கொஞ்ச நேரம் பிரித்து வையுங்கள். பாச்சா உருண்டை மட்டும் குழந்தைப் புத்தகத்தின் பக்கமே போகக் கூடாது. அது விஷம். வாயில் வைக்கும் பொருளோடு அது எதற்கு? பக்கம் கிழிந்துவிட்டால் அடிக்காதீர்கள். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒட்டுங்கள். மெதுவாகப் புரட்ட விரல் பழகும்வரை நாலு பக்கம் போகத்தான் செய்யும்.

நூலகத் துறைக்கு என் வேண்டுகோள்கள் நான்கு. பீரோவைத் திறந்து, புத்தகத்தைக் குழந்தை கை எட்டும் உயரத்தில், அட்டைப்படம் தெரிய வையுங்கள். ஒரு பாய் விரியுங்கள். ஐந்து வயசுக்குள்ளான குழந்தை கிழித்த புத்தகத்தை ஊழியர் தலையில் கட்டாமல், தேய்மானமாகக் கணக்கு எழுதுங்கள். மாதம் ஒரு முறை ஒரு பெட்டிப் புத்தகம் அங்கன்வாடிக்கும் எஸ்டேட் லயன் வீடுகளுக்கும் போய், பழைய பெட்டி திரும்பி வரட்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1992-ல், கைக்குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்த தாயிடம் ஒரு பையில் புத்தகமும், நூலகத்தில் சேர அழைப்பும் கொடுத்தார்கள். 300 குடும்பங்களோடு ஆரம்பித்தது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. இங்கேயும் ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறோமே, அன்றைக்கே நர்ஸம்மா கையால் ஒரு புத்தகம் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சகோதரிகளே, அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை காய்கறி வாங்கப் போகும்போது குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர் நூலகத்தில் நுழையுங்கள். "எங்க பாப்பாவுக்குப் புத்தகம் வேணும்" என்று கேளுங்கள். ஒருத்தி கேட்டால் சிரிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் பீரோவைத் திறப்பார்கள்.

– ஒரு வாசகி, ஏற்காடு.