தேக நலம்: வெயிலும் ஜலதோஷமும்

கார்த்திகை பிறந்து டில்லியில் பனியும் புகையும் கவியத் தொடங்கினால், நம்மவர் இல்லங்களில் இருமல் ஒலி கேளாத நாளில்லை. வைட்டமின் டி உட்கொண்டால் சளிக்காய்ச்சல் அணுகாதென்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும்?

இச்சத்து உணவில் கிடைப்பது சொற்பம். வெயிலின் புற ஊதாக் கதிர் சருமத்தில் படுங்கால் உடலே இதனை ஆக்கிக்கொள்கிறது. ஜன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குள் அமர்ந்து குளிர்காய்ந்தால் உடம்பு சூடேறுமேயன்றிச் சத்து உண்டாகாது. புகை மண்டிய வானமும் அக்கதிரைக் குறைத்துவிடும். 2002-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், டில்லி மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் இரத்தத்தில் இச்சத்து, அந்நாளில் புகை குறைந்திருந்த குர்கான் குழந்தைகளிடம் கண்டதில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது.

நமது வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்லும் கதெலிசிடின் என்னும் பொருளை ஆக்குவதற்கு வைட்டமின் டி துணைபுரிவதை 2006-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினர். ஆயினும் ஆய்வுக்கூடம் வேறு, வாழும் மனிதன் வேறு. 2017-இல் 25 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சத்துக் குறைந்தவர்கள் நாள்தோறுமோ வாரந்தோறுமோ சிறிதளவு உட்கொண்டதில் ஓரளவு நன்மை தென்பட்டது. ஒரேயடியாக மிகுதியாகக் கொடுத்ததில் நன்மை காணப்படவில்லை. பின்னர் வந்த பரிசோதனைகளையும் சேர்த்து 2025-இல் ஆராய்ந்தபோதோ, அந்த நன்மையும் உறுதியற்றதாகிவிட்டது. ஆகவே, எலும்பின் உறுதிக்கு இச்சத்து இன்றியமையாதது. சளிக்காய்ச்சலுக்குக் கவசமென்று இதனை நம்பியிருத்தல் தகாது.

தாய்மார்கள் கருத்தில் கொள்ளவேண்டிய அபாயம் ஒன்றுண்டு. கடைகளில் கிடைக்கும் பொட்டலம் ஒன்றில் 60,000 அலகு உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வயது வந்தோருக்குப் பரிந்துரைத்த அளவோ நாளொன்றுக்கு 600 அலகே. ஒரு பொட்டலம் நூறு நாள் அளவாகும்! மருத்துவர் குறித்த சில வாரங்களுக்கென எழுதிக்கொடுப்பதனை, அண்டை வீட்டார் சொற்கேட்டு மாதக்கணக்கில் விழுங்கினால், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து குமட்டல், தாகம், மலச்சிக்கல் தோன்றும், சிறுநீரகமும் பழுதுபடும். கைக்குழந்தைக்கு மருத்துவர் குறித்த சொட்டு மருந்தன்றி வேறு தரலாகாது.

குளிர்காலத்தில், வானம் தெளிந்த நாட்களில், முற்பகல் பதினோரு மணிக்குமேல் மொட்டைமாடியில் முகமும் கைகளும் வெயில்படச் சிறிது நேரம் இருங்கள். முதியோருக்கு ஆண்டுதோறும் இன்புளூயன்சாத் தடுப்பூசி போடுவது குறித்து மருத்துவரைக் கேளுங்கள். இருமுவோர் வாயை மூடிக்கொள்வதும், அடிக்கடி கைகழுவுவதும் செலவில்லாத காப்புகளாகும்.