காணிப் பிள்ளைகளின் பேச்சுக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையோரப் பாறசாலைக்காரனான எனக்கு அதில் பெரிய இழப்பு இல்லை. தமிழும் மலையாளமும் எங்கள் வீட்டுப் பேச்சு. எந்தப் பக்கம் போனாலும் பள்ளிக்கூடம் உண்டு. அதே எல்லை அகத்தியமலைக் காட்டில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரையும் பிரித்தது. கேரளப் பக்கத்துக் கோட்டூர்ப் பிள்ளை மலையாளத்தில் படிக்கிறது, தமிழ்நாட்டுப் பக்கத்துப் பேச்சிப்பாறைப் பிள்ளை தமிழில். அவர்களுடைய பேச்சான மலம்பாஷை இரண்டு பள்ளியிலும் இல்லை.

காட்டாக்கடையில் மலைச்சரக்குக் கடை வைத்திருக்கிறேன். தேனும் நல்லமிளகும் கொண்டுவரும் காணி மூப்பர்கள் தங்களுக்குள் மலம்பாஷையில் பேசிவிட்டு, விலை பேச மட்டும் மலையாளத்துக்கு வருவார்கள். கூட வரும் பேரப்பிள்ளைகளோ பாட்டி கேட்பதற்கும் மலையாளத்தில்தான் பதில் சொல்கிறார்கள்.

காணிக்காரர்களின் பூசாரியும் வைத்தியருமான பிலாத்தி பாடும் சாற்றுப்பாட்டை ஒருமுறையாவது கேட்க வேண்டும். அதற்கான கருவி, வரிவரியாகப் பல் வெட்டிய இரும்புக் குழலான கொக்கரை. அதை இரும்புக் கம்பியால் உரசி, அந்தத் தாளத்தில் நோய் தீரப் பாடுவார்கள். பாட்டு எல்லாம் நினைவில்தான். பாடுகிறவர் போனால் பாட்டும் போகும்.

இவர்களுடைய மருந்தறிவை நாம் விட்டுவைக்கவில்லை. 1987-இல் காட்டுக்குப் போன விஞ்ஞானிகளுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டிக் கொடுத்தவர்கள் காணிக்காரர்கள். அதிலிருந்து பாலோடு தாவரவியல் ஆய்வகம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் வந்தது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. செடிக்குப் பங்கு கொடுத்தோம்; அந்தச் செடியை அறிந்த பேச்சுக்கு என்ன கொடுத்தோம்?

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றங்கரைக் குவெச்சான் பழங்குடி மக்களின் நிலமும், காணிக்காரர்களின் காட்டைப் போலவே, கலிஃபோர்னியா, அரிசோனா என்று இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது. அவர்களுடைய மொழியைப் பேசுகிறவர்களும் குறைவு. ஆனால் அவர்களின் வாய்மொழிக் கதைகள் 2014-இல் சொந்த மொழியிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துக்குப் பக்கம் அச்சாகிவிட்டன.

நமக்கு முன்மாதிரி வயநாட்டிலேயே இருக்கிறது. 2017-இல் ‘கோத்ரபந்து’ திட்டத்தில் அங்குள்ள ஆரம்பப் பள்ளிகளில் பழங்குடி ஆசிரியர்களை அமர்த்தினார்கள். அதே ஏற்பாடு கோட்டூருக்கும் பேச்சிப்பாறைக்கும் வர வேண்டும்: காணி ஆசிரியர், முதல் இரண்டு வகுப்பிலும் மலம்பாஷை. சாற்றுப்பாட்டுகளை இரு அரசும் சேர்ந்து, பிலாத்திகளின் சம்மதத்தோடு, அவர்களுக்குக் கூலி கொடுத்துப் பதிவு செய்யட்டும். பதிவின் ஒரு பிரதி ஒவ்வொரு காணிக்குடியிலும் இருக்க வேண்டும்.