நீலம் காணாத மூதாதையரா?

பழந்தமிழர் கண்ணுக்கு நீலம் புலப்படவில்லை, கடலைக் கருங்கடல் என்றும் மாயோனைக் கரியவன் என்றும் சொன்னதே அதற்குச் சான்று என்றொரு கருத்து கருத்தரங்கக் கட்டுரைகளில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள் என்பதால் மறுத்தாக வேண்டியிருக்கிறது.

இது பழைய சரக்கு. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான கிளாட்ஸ்டன், ஹோமரின் நிறச்சொற்கள் சொற்பம் என்றும், அவை பெரும்பாலும் ஒளி, இருள் பற்றியவை என்றும் 1858இல் எழுதினார். கூர்மையான கவனிப்புதான். அதிலிருந்து, அக்காலக் கிரேக்கருக்கு நிறப்புலன் முதிரவில்லை என்ற முடிவுக்குத் தாவியதே பிழை. 1877இல் ஹியூகோ மாக்னுஸ் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் அதையே பரிணாமக் கோட்பாடாக வளர்த்தார்.

உடற்கூறு என்ன சொல்கிறது? விழித்திரையில் மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. அவற்றின் சமிக்ஞைகளை விழித்திரை நரம்புகளே கூட்டியும் கழித்தும் மூளைக்கு அனுப்புகின்றன. கூட்டல் ஒளியளவைத் தருகிறது. கழித்தல் சிவப்பு–பச்சை, நீலம்–மஞ்சள் என்னும் எதிரிணைகளைத் தருகிறது. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் இதே மூவகைக் கூம்புகள் உண்டு. குரங்குக்கு வாய்த்த நீலம் கபிலருக்கு வாய்க்கவில்லை என்பதா?

சொல்லும் புலனும் ஒன்றல்ல என்பதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. கார் விபத்துக்குப் பின் நிறப்பார்வையை முற்றிலும் இழந்த ஓர் ஓவியரைப் பற்றி ஆலிவர் சாக்ஸும் ராபர்ட் வாசர்மனும் 1987இல் எழுதினார்கள். அவருக்கு நிறப்பெயர்கள் எல்லாம் நினைவிருந்தன. தக்காளி சிவப்பு என்று அறிவார். அவர் கண்ட தக்காளியோ கறுப்பு. ஒளியும் இருளும் மட்டும் அவரிடம் எஞ்சின.

ரஷ்ய மொழியில் இளநீலத்துக்கும் கருநீலத்துக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டே என்று கேட்கலாம். அவ்வெல்லையின் இருபுறமும் உள்ள நீலங்களை ரஷ்யர் சற்று விரைவாகப் பிரித்தறிந்ததாக 2007இல் ஓர் ஆய்வு காட்டியது உண்மையே. ஆனால் அத்தகைய இரு சொற்கள் இல்லாத ஆங்கிலேயரும் அவற்றைப் பிரித்தறியவே செய்தார்கள். விரைவு வேறு, குருடு வேறு.

இன்றும் ஊதாத் திராட்சையைக் கறுப்புத் திராட்சை என்றே வாங்குகிறோம். பழுப்பு மாடு நமக்குச் செவலை. பச்சைக் குழந்தை எவர் கண்ணுக்கும் பச்சையாகத் தெரிவதில்லை. 'கரு' என்பது முதன்மையாக ஒளிக்குறைவைச் சொல்லும் சொல். அடர்நீலமும் அடர்பச்சையும் அதற்குள் அடங்கும். மயிலை மணிநிறம் என்றவர்களும், மாதர் கண்ணுக்குக் குவளையை உவமை சொன்னவர்களும் இதே புலவர்கள்தாம். இரு வழக்கும் கைவசமிருக்க, கடலுக்கு அவர்கள் ஒளிச்சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே கருங்கடல் என்று படிக்கும்போது, புலவர் எந்தப் பொழுதின் கடலை, எவ்வளவு வெளிச்சத்தில் காட்டுகிறார் என்று கேட்கலாம். இலக்கிய மாணவருக்கு உரிய கேள்வி அதுவே.