40 வயது கபடி வீரருக்கு என்ன விலை? பாயின்ட் டேபிள் காட்டாத கணக்கு

அடுகோடியில் வேலை முடிச்சுக் கிளம்பினால், கண்டீரவா உள்விளையாட்டு அரங்கம் சில கிலோமீட்டர்தான். புரோ கபடி லீக் தொடங்கிய 2014-ல், அங்கே பெங்களூரு புல்ஸ் அணிக்காக ஒரு தஞ்சாவூர்க்காரர் ஆடினார். பெயர் தர்மராஜ் சேரலாதன், அப்போது வயது 39.

2016-ல், 41 வயதில், பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் கேப்டனாக பிளே-ஆஃப் வரை போனார்.

ஏலத்தில் முடிவெடுப்பது நீங்கதான்னா, இப்படி ஒருவருக்கு எவ்வளவு கொடுப்பீங்க?

டேபிளில் என்ன சிக்கல்?

டிஃபெண்டர்களை நாம் பெரும்பாலும் டேக்கிள் பாயின்ட்டை வைத்தே வரிசைப்படுத்துறோம். ஆனால் தப்பான பிடி ஒவ்வொன்றும் ரெய்டருக்குக் குறைந்தது 1 பாயின்ட் கொடுக்கும். பிடிக்கப் போனவரும் வெளியே உட்காரணும்.

ஒரு கற்பனைக் கணக்கு:

- வீரர் 'அ': 130 முயற்சி, 60 வெற்றி. எதிரணிக்குக் கொடுத்தது குறைந்தது 70.
- வீரர் 'ஆ': 65 முயற்சி, 40 வெற்றி. கொடுத்தது குறைந்தது 25.

டேபிளில் 'அ' மேலே இருப்பார். ஆனால் அணிக்கு அவரால் 10 பாயின்ட் நஷ்டம். 'ஆ'வால் 15 லாபம்.

ஐஸ் ஹாக்கியிலும் இதே குழப்பம் உண்டு. அங்கே என்ஹெச்எல் லீக்கில், உடம்பால் மோதித் தடுப்பதை 'ஹிட்' என்று எண்ணுவாங்க. ஆனால் மோதுவது பக் வைத்திருப்பவர் மேல்தான். அதனால் ஒரு அணி அதிகமாக ஹிட் அடிச்சிருந்தால், பக் பெரும்பாலும் எதிரணியிடம் இருந்தது என்றும் அர்த்தம் வரலாம்.

பிடிக்காமல் விட்டதுக்கு யார் பாயின்ட் கொடுப்பா?

ரெய்டருக்கு இருப்பது 30 விநாடி. தொடர்ந்து 2 ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால், 3-வது 'டூ ஆர் டை'. அதில் பாயின்ட் எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட். அந்த 3-வது ரெய்டில் பிடிப்பவர் பெயருக்கு பாயின்ட் போகும். முதல் 2 ரெய்டில் அவசரப்படாமல் நின்ற கார்னர், பக்கத்து இளைஞரையும் அடக்கி நிறுத்தியவர், அவங்க பெயரில் எதுவும் ஏறாது. அனுபவசாலியின் மதிப்பில் பெரும்பகுதி இந்தக் காலிக் கட்டத்தில்தான் இருக்கு.

அப்போ சீனியர்களையே வாங்கிடலாமா?

வேண்டாம். 2019 தமிழ் தலைவாஸை நினைச்சுப் பாருங்க. அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர், ராகுல் சவுத்ரி என்று பெரிய பெயர்கள். முடிந்தது கடைசி இடத்தில். அனுபவம் ஒரு இடத்தை நிரப்பணும். பழைய புகழுக்குக் காசு கொடுத்தால் அது நடக்காது.

பணம் எங்கே பலன் தந்தது?

2022-ல் தலைவாஸ் பவன் ஷெராவத்தை ரூ.2.26 கோடிக்கு எடுத்தது. முதல் போட்டியிலேயே அவருக்குக் காயம். அவர் இல்லாமலே அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. 2023-ல் தெலுங்கு டைட்டன்ஸ் அதே பவனுக்கு ரூ.2.605 கோடி கொடுத்துக் கடைசி இடம் பிடித்தது.

அதே ஏலத்தில், உடல் பலத்தால் ரெய்டரை நிறுத்தும் ஈரான் வீரர் முகமதுரேசா ஷாட்லூயியை புனேரி பல்தான் ரூ.2.35 கோடிக்கு எடுத்து சாம்பியன் ஆனது. 2024-ல் ஹரியானா ரூ.2.07 கோடிக்கு எடுத்தது, அதுவும் சாம்பியன். ஒரே ஆளால் கோப்பை வராது, பவன் மோசமான வீரரும் இல்லை. ஆனால் டிஃபென்ஸுக்குக் கொடுக்கும் காசு வீண் என்று இனி சொல்ல முடியாது.

அடுத்த ஏலத்தில் நீங்க கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. எத்தனை முயற்சியில் இத்தனை டேக்கிள்?
2. அவர் மேட்டில் இருக்கும்போது எதிரணிக்கு எத்தனை காலி ரெய்டு? அவர் வெளியே இருக்கும்போது எத்தனை?
3. கடைசி 5 நிமிடத்தில் அவர் செய்யும் தவறு கூடுதா, குறையுதா?

வயசு இந்தப் பட்டியலில் இல்லை. 3-வது கேள்விக்கு வரும் பதிலே அதைச் சொல்லிடும்.